சிம்பல் கோப்பு தவறான பெயரைக் காட்டினால்: ஹெடரில் எங்கே பார்ப்பது

இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து மடுவத்தில், அதாவது கொழுந்தை நிறுக்கும் கொட்டகையில், அந்தி நிறுவை நடந்துகொண்டிருந்தது. சாக்கு கொக்கியில் தொங்கும்போதே, நாங்கள் செய்துகொடுத்த மின்தராசின் திரை ஒருமுறை இருண்டு மறுபடி பூச்சியத்துக்கு வந்து நின்றது. வரிசையில் நின்ற அக்கா, “தம்பி, இப்ப நிறுத்தது கணக்குல விழுந்துச்சா இல்லையா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மத்தியானத்திலிருந்து சரிவில் நின்று எடுத்த கொழுந்து அது. மறுபடி நிறுத்து எழுதிக்கொடுத்துவிட்டோம். ஆனால் தராசு ஏன் விழுந்தது, அதாவது அதன் நிரல் ஏன் பாதியில் நின்று மறுபடி தொடங்கியது என்று கண்டுபிடிக்காமல் அங்கிருந்து கிளம்ப மனம் வரவில்லை.

எங்கள் தராசு விழும் நேரத்தில் எந்த முகவரிகளில் ஓடிக்கொண்டிருந்தது என்று மெமரி கார்டில் ஒரு குறிப்பு எழுதிவைக்கும். வெறும் எண்கள்தான். அந்த எண்களை ஃபங்ஷன் பெயராகவும் வரி எண்ணாகவும் மாற்றித் தருவது சிம்பல் கோப்பு. ஹட்டனுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். பேட்டரி அளவை வாசிக்கும் ஃபங்ஷன் என்று காட்டியது. நம்பி, மூன்று தராசுகளுக்குப் பேட்டரி மாற்றினோம். இரண்டு வாரம் கழித்து அதே மடுவத்தில் அதே தராசு மறுபடி விழுந்தது. உண்மையான பிழை, எடைகளின் சராசரியைக் கணக்கிடும் ஃபங்ஷனில் இருந்தது. என் கையில் இருந்தது முந்தைய வெளியீட்டின் சிம்பல் கோப்பு. எந்த நிரலுக்கு உரியது என்று சொல்ல அந்தக் கோப்பின் ஹெடரில், அதாவது தன்னைப் பற்றிய விவரங்களைச் சொல்லும் தொடக்கப் பகுதியில், ஓர் இடமே இல்லை. அந்த ஹெடரை வரைந்தவன் நான்.

அதற்குப் பிறகு ஹெடரைப் பற்றிய என் எண்ணமே மாறிவிட்டது. கோப்பில் என்ன இருக்கிறது என்று சொல்வது அதன் சின்ன வேலை. தனக்கு உரியதல்லாத முகவரி வந்தால் “இது என்னுடையது இல்லை” என்று மறுப்பதுதான் பெரிய வேலை. கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியிலும் இதைத்தான் பார்க்கப்போகிறோம்.

முதலில் இப்போதைய ஹெடர். மொத்தம் 64 பைட். எண்களெல்லாம் சிறிய பைட் முதலில் வரும் லிட்டில் எண்டியன் முறையில். முதல் 8 பைட் அடையாளம். பிறகு 2 பைட் பெரிய பதிப்பு எண், 2 பைட் சிறிய பதிப்பு எண். 12ஆம் இடத்தில் ஹெடரின் நீளம், 4 பைட். 16இல் தொடங்கி 20 பைட்டுக்கு பில்ட் ஐடி, எந்த நிரலுக்கு உரியது என்று சொல்லும் அடையாளம். 36இல் கொடிகள் (ஆம், இல்லை என்று சொல்லும் பிட்டுகள்), 4 பைட். 40இல் அடிப்படை முகவரி (நிரல் தொடங்கும் இடம்), 8 பைட். 48இல் நிரலின் நீளம், 52இல் செக்‌ஷன் அட்டவணை இருக்கும் இடம், 56இல் முழுக் கோப்பின் நீளம், 60இல் முதல் 60 பைட்டுகளின் சிஆர்சி (பைட்டுகள் கெட்டிருந்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்), ஒவ்வொன்றும் 4 பைட். 64 பைட் என்பது, லினக்ஸ் உலகில் நிரல்களைக் கட்டி வைக்கும் எல்ஃப் கோப்பின் 64 பிட் வகை ஹெடருக்கும் உள்ள அளவு. நான் அதைப் பார்த்து வைக்கவில்லை, கூட்டிப் பார்த்தபோது அப்படி அமைந்தது.

எல்ஃபும் அதற்குள் டுவார்ஃப் என்ற பிழைதேடும் விவரங்களும் இருக்க, சொந்தமாக ஒரு கோப்பு எதற்கு என்று கேட்கலாம். கணினியில் உட்கார்ந்து பார்க்க அவையே போதும், அவற்றைவிட முழுமையாக நான் எதையும் செய்துவிட முடியாது. ஆனால் தோட்டத்தில் நிற்கும்போது கையில் இருப்பது போன். சிக்னல் பிடிக்க மேட்டுக்கு ஏற வேண்டும். பல மெகாபைட் கோப்பை அங்கே இறக்குவது நடக்காத காரியம். பெயர், முகவரி, வரி எண் மட்டும் உள்ள சின்னக் கோப்பு போதுமாக இருந்தது.

அறிகுறி: கோப்பு திறக்கவே மறுக்கிறது

நல்ல அறிகுறி இது. எங்கேயோ ஏதோ கெட்டிருக்கிறது, ஹெடர் அதைப் பிடித்துவிட்டது. பைட்டுகளை எண்களாகக் காட்டும் எக்ஸ்எக்ஸ்டி போன்ற கருவி ஒன்றில் முதல் எட்டு பைட்டுகளைப் பாருங்கள். எங்கள் அடையாளம், தசமத்தில் எழுதினால், 137 77 65 76 13 10 26 10. நடுவில் உள்ள 77 65 76 ஆங்கிலத்தில் எம், ஏ, எல், ‘மலை’யின் தொடக்கம். மற்றவற்றைப் பிஎன்ஜி படக் கோப்பின் அடையாளத்திலிருந்து எடுத்தேன். அங்கே 137 80 78 71 13 10 26 10 என்று வரும். அதைச் செய்தவர்கள் ஒவ்வொரு பைட்டையும் ஒரு காவல்காரனாக நிறுத்தியிருக்கிறார்கள்.

137க்குப் பதில் 9 இருந்தால், வழியில் யாரோ எட்டாவது பிட்டை வெட்டிவிட்டார்கள். 13 10 இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 10 இருந்தாலோ, கடைசி 10க்கு முன்னால் ஒரு 13 புதிதாக முளைத்திருந்தாலோ, கோப்பை உரைக் கோப்பாக நினைத்து வரி முடிவுகளை மாற்றியிருக்கிறார்கள். விண்டோஸில் சி மொழியில் கோப்பை பைனரி முறையில் திறக்க மறந்தால் நடப்பது இதுதான்: எழுதும்போது ஒவ்வொரு 10க்கும் முன்னால் 13 சேர்ந்துவிடும். வாசிக்கும்போது 26 வந்தால் கோப்பு முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும்.

முதல் மூன்று பைட் 239 187 191 என்றால் யாரோ கோப்பை உரை எடிட்டரில் திறந்து சேமித்திருக்கிறார்கள். 80 75 என்று தொடங்கினால் அது சிப் கோப்பு, 31 139 என்றால் ஜிசிப், இன்னும் விரிக்கப்படவில்லை. 60 என்று தொடங்கினால் அது பெரும்பாலும் கோப்பே இல்லை, இணையப் பக்கம். சிக்னல் போய்வரும் இடத்தில் இறக்கும்போது கோப்புக்குப் பதில் ஏதோ ஒரு லாகின் பக்கமோ பிழைப் பக்கமோ அதே பெயரில் சேமிக்கப்பட்டிருக்கும். எங்களுக்கு அதிகமாக நேர்ந்தது இதுதான். அதனால் வாசிப்பானே இந்தத் தொடக்கங்களை அடையாளம் கண்டு, “இது சிப் கோப்பு, விரித்துவிட்டுத் தாருங்கள்” என்று தமிழில் சொல்லும்படி செய்தோம். மடுவத்தில் நிற்கும் கணக்கப்பிள்ளைக்கு அது புரியும். “தவறான கோப்பு” என்று மட்டும் சொன்னால் என்னைத்தான் கூப்பிடுவார்.

அறிகுறி: திறக்கிறது, ஆனால் எண்கள் அபத்தமாக வருகின்றன

இரண்டு காரணங்கள்தான் பெரும்பாலும். எண்ணைப் பார்த்தே பிரித்துவிடலாம்.

2 என்று இருக்க வேண்டிய நான்கு பைட் எண் 33554432 என்று வந்தால், பைட் வரிசை தலைகீழ். 1 இருக்க வேண்டிய இடத்தில் 16777216 வரும். ஹெடரில் எந்த வரிசை என்று ஒன்றைத் தீர்மானித்து, எழுதும் கருவி எதுவானாலும் அந்த வரிசையிலேயே எழுதுவது போதும். எல்ஃப் இரண்டையும் அனுமதித்து, ஆறாவது பைட்டில் 1 என்றால் லிட்டில், 2 என்றால் பிக் என்று குறிக்கிறது. உலகத்தில் உள்ள எல்லா இயந்திரத்துக்கும் ஆன கோப்பு அது. நமக்கு அந்தச் சுமை வேண்டாம்.

இரண்டாவது காரணம்தான் என்னை ஒரு முழு வாரம் அலையவைத்தது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் முதல் ஹெடரில் நான்கே புலங்கள்: 4 பைட் அடையாளம், 2 பைட் பதிப்பு, 4 பைட் எண்ணிக்கை, 8 பைட் அடிப்படை முகவரி. கூட்டினால் 18. சி மொழியில் ஒரு ஸ்ட்ரக்டாக, அதாவது புலங்களின் ஒரே தொகுப்பாக, அறிவித்து, அதை அப்படியே கோப்பில் கொட்டினேன். என் 64 பிட் லேப்டாப்பில் கோப்பின் ஹெடர் 24 பைட் வந்தது. பதிப்புக்குப் பின்னால் 2, எண்ணிக்கைக்குப் பின்னால் 4 என்று கம்பைலர் இடைவெளி விட்டிருந்தது. 8 பைட் எண் 8ஆல் வகுபடும் இடத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது அதன் கணக்கு. வேலைத்தலத்தில் இருந்த பழைய 32 பிட் லினக்ஸ் கணினியில் அதே ஸ்ட்ரக்ட் 20 பைட். அங்கே ஸ்ட்ரக்டுக்குள் 8 பைட் எண் 4ஆல் வகுபடும் இடத்தில் தொடங்கினால் போதும். ஏவிஆர் போன்ற 8 பிட் சில்லில் இடைவெளியே இல்லை, சரியாக 18.

லேப்டாப்பில் எழுதியதை பழைய கணினியில் வாசித்தால் என்ன ஆகும்? அடையாளம் சரி, பதிப்பு சரி, எண்ணிக்கையும் சரி. ஆகவே ஹெடர் நன்றாக இருக்கிறது என்று தோன்றும். அடிப்படை முகவரி மட்டும், பதினாறடிமானத்தில், 08004000 என்பதற்குப் பதில் 0800400000000000 என்று வந்தது. வாலில் எட்டுப் பூச்சியம் ஒட்டிக்கொண்டிருந்தது. இடைவெளியின் நான்கு பைட்டை எண்ணின் கீழ்ப்பாதியாகவும், உண்மையான கீழ்ப்பாதியை மேல்பாதியாகவும் வாசித்திருக்கிறது. எண்ணின் இலக்கங்கள் சரியாக இருந்து இடம் மட்டும் தள்ளியிருந்தால், இடைவெளியைச் சந்தேகியுங்கள்.

இதற்கு ஒரு தங்கை அறிகுறியும் உண்டு: ஒரே உள்ளீட்டைக் கொடுத்து இருமுறை உருவாக்கினால் இரண்டு கோப்பும் பைட்டுக்குப் பைட் ஒன்றாக இல்லை. இடைவெளியில் என்ன இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நினைவகத்தில் முன்பு கிடந்த குப்பை அப்படியே கோப்புக்கு வந்துவிடும்.

ஸ்ட்ரக்டை மொத்தமாக எழுதாதீர்கள். ஒவ்வொரு புலத்தையும் பைட் பைட்டாகப் பிரித்து எழுதும் ஒரு சின்ன ஃபங்ஷன் போதும். பைதனில் ஸ்ட்ரக்ட் மாட்யூலைப் பயன்படுத்தினால், வடிவச் சரத்தின் தலையில் < குறியைப் போடுங்கள். அது இல்லாவிட்டால் அந்தந்தக் கணினியின் இடைவெளிக் கணக்கு உள்ளே வந்துவிடும். அத்தோடு, புலங்களை இயற்கையாகவே வகுபடும் இடங்களில் அடுக்குங்கள். இப்போதைய ஹெடரில் 8 பைட் முகவரி 40ஆம் இடத்தில் இருக்கிறது, அதற்கு முன்னால் கொடிகள் 36இல் இருக்கின்றன. ஏதோ ஒரு நாள் யாரோ ஸ்ட்ரக்டாகவே வாசித்தாலும் இடைவெளி நுழைய இடமில்லை. அளவு 64தானா என்று கம்பைல் நேரத்திலேயே சோதிக்கும் ஒரு வரியையும் போட்டு வைத்திருக்கிறேன்.

அறிகுறி: பெயர்கள் வருகின்றன, ஆனால் தவறான பெயர்கள்

இதுதான் ஆபத்தானது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. மனிதர் எழுதிய அழகான ஃபங்ஷன் பெயர் ஒன்று வரும், நம்பிவிடுவோம்.

தவறு எந்த வகை என்று அறிய ஒரு சோதனை செய்யுங்கள். அதே நிரலின் மூல எல்ஃப் கோப்பு கையில் இருந்தால், ஆரம்பத்தில் ஒரு முகவரி, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று மூன்றை எடுத்து, முகவரியை வரி எண்ணாக மாற்றும் ஆடர்டூலைன் கருவியில் ஒருமுறையும் உங்கள் வாசிப்பானில் ஒருமுறையும் போடுங்கள். இரண்டும் காட்டும் இடங்களுக்கு நடுவே எத்தனை பைட் வித்தியாசம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றிலும் வித்தியாசம் ஒன்றே என்றால் அடிப்படை முகவரி தவறு. எங்கள் சில்லில் ஃபிளாஷ், பதினாறடிமானத்தில், 08000000இல் தொடங்குகிறது, முதல் 16 கிலோபைட்டில் நிரலைத் தொடக்கிவைக்கும் பூட்லோடர் இருப்பதால் தராசின் நிரல் 08004000இல் தொடங்குகிறது. ஹெடரில் 08000000 என்று எழுதிவிட்டால் எல்லாமே 16384 பைட் தள்ளிப்போகும். கணினியில் ஓடும் நிரல் என்றால், இயங்குதளம் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் ஏற்றுவதால் இதே அறிகுறி வரும். அப்போது விழுந்த நேரத்தின் ஏற்ற முகவரியைக் குறிப்பில் எழுத வேண்டும், ஹெடரில் இருப்பது கட்டும்போது நினைத்த முகவரி மட்டும்தான். வாசிப்பான் ஒன்றைக் கழித்து மற்றதைக் கூட்டிக்கொள்ளும்.

ஆரம்பத்தில் சரியாக இருந்து, போகப்போக வித்தியாசம் கூடினால் கோப்பு வேறு பில்டுடையது. எனக்கு நடந்தது இதுதான். இரண்டு வெளியீடுகளுக்கு நடுவே ஒரு ஃபங்ஷன் சில பைட் வளர்ந்திருந்தது, அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் நகர்ந்துவிட்டன. முன்னால் உள்ளவை சரியாகவே வந்ததால், நான் சோதித்துப் பார்த்த இரண்டு முகவரிகளும் சரியாக இருந்தன.

பதிப்பு எண்ணை ஒப்பிட்டால் போதாதா என்றால், போதாது. ‘2.3’ என்று பெயரிட்டுவிட்டு ஒரு வரியை மாற்றி மறுபடி ‘2.3’ என்றே கட்டியவர்கள் உண்டு. கோப்பின் பெயரும் போதாது. பைட்டுகளிலிருந்து பிறந்த அடையாளம்தான் வேண்டும். பெரியவர்கள் எல்லாரும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். லினக்ஸில், நிரலின் துண்டுகளை இணைக்கும் லிங்கர், நிரலின் பைட்டுகளிலிருந்தே கைரேகை போன்ற ஒரு ஹாஷ் எடுத்து பில்ட் ஐடி என்ற குறிப்பாக உள்ளே வைக்கிறது, ஷா-1 என்றால் 20 பைட். சிம்பலை உரித்தெடுத்த பிறகும் அது இரண்டு பக்கமும் மாறாமல் இருக்கும். மைக்ரோசாஃப்டின் சிம்பல் கோப்பான பிடிபியில் 16 பைட் அடையாளமும், கூடவே 4 பைட்டில் ‘வயது’ என்ற எண்ணும் இருக்கின்றன. நிரலிலும் அதே ஜோடி இருக்கும், இரண்டும் பொருந்த வேண்டும். ஆப்பிள் கணினிகளில் 16 பைட் யூயூஐடி. குனூவின் டீபக்லிங்க் முறையில் கோப்பின் பெயரும் சிஆர்சியும் மட்டும் இருக்கும், கோப்பைத் தேடிச் சரிபார்க்க அது உதவும், ஆனால் பில்டின் அடையாளம் ஆகாது.

ஹெடரில் 20 பைட் ஒதுக்கியதோடு வேலை முடியவில்லை. தராசின் உள்ளேயும் அந்த 20 பைட் இருக்க வேண்டும், விழும்போது எழுதும் குறிப்பின் முதல் வரியே அதுவாக இருக்க வேண்டும். எங்கள் லிங்கர் ஸ்கிரிப்ட் அந்தக் குறிப்புப் பகுதியைத் தேவையற்றது என்று தூக்கி எறிந்துகொண்டிருந்தது. அதை ஃபிளாஷில் கட்டாயம் வைக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தபின்தான் சரியானது. வாசிப்பான் இரண்டையும் ஒப்பிடும். ஒரு பைட் மாறினாலும் பெயர் காட்டாது, முகவரியை மட்டும் காட்டும். “எப்படியாவது காட்டு” என்று ஒரு சுவிட்ச் வைக்கும்படி கூட வேலைசெய்யும் தம்பி கேட்டான். நான் வைக்கவில்லை. வைத்தால் மாலை ஆறு மணிக்கு, மழையில், எல்லாரும் அதைத்தான் அழுத்துவோம்.

சிம்பல் கோப்பு தொலைந்துபோய், அதே மூலத்திலிருந்து மறுபடி கட்டினால் அடையாளம் பொருந்தவில்லை என்கிறீர்களா? நிரலுக்குள் கட்டிய தேதியும் நேரமும் பதிகின்றனவா என்று முதலில் பாருங்கள், பிறகு கம்பைலரின் பதிப்பை. பொருந்தாத வரை அந்தக் கோப்பைப் பயன்படுத்தாதீர்கள்.

வித்தியாசம் எப்போதும் இல்லை, சிலவேளை மட்டும் பக்கத்து ஃபங்ஷனின் பெயர் வருகிறது என்றால் அது வேறு கதை, ஹெடரின் கொடிகளோடு தொடர்புடையது. ஆர்ம் கார்டெக்ஸ்-எம் சில்லுகளில் ஃபங்ஷனின் முகவரியைச் சிம்பல் அட்டவணை ஒற்றைப்படையில் வைக்கும். 08004120இல் இருப்பது 08004121 என்று இருக்கும். கடைசி பிட், இது தம்ப் என்ற சுருக்கமான கட்டளை வகை என்பதற்கான அடையாளம். ஃபங்ஷனின் முதல் கட்டளையிலேயே தராசு விழுந்தால் குறிப்பில் 08004120 என்று வரும், அது 08004121ஐவிடச் சிறியது, ஆகவே முந்தைய ஃபங்ஷனின் பெயர் வரும். எழுதும்போதே அந்தப் பிட்டை நீக்கிவிட்டு, நீக்கியாயிற்று என்று ஒரு கொடியைப் போடுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அழைத்தவரின் முகவரி எனக் குறிப்பில் இருப்பது உண்மையில் திரும்பி வர வேண்டிய இடம், அதாவது அழைப்புக்கு அடுத்த கட்டளை. திரும்பியே வராத ஃபங்ஷன் ஒன்றை ஒருவர் தன் கடைசிக் கட்டளையாக அழைத்திருந்தால், திரும்பும் முகவரி அடுத்த ஃபங்ஷனின் வாசலில் நிற்கும். எனவே திரும்பும் முகவரிகளில் கடைசி பிட்டை நீக்கி, ஒன்றைக் கழித்துவிட்டுத் தேடுங்கள். விழுந்த இடத்தின் முகவரியில் மட்டும் கழிக்கக் கூடாது, அது அந்தக் கட்டளையையே காட்டுகிறது.

அறிகுறி: எந்த அபத்த முகவரியைக் கொடுத்தாலும் ஒரே பெயர்

அந்தப் பெயர் அட்டவணையின் கடைசிப் பெயராக இருக்கும், பாருங்கள். “இதைவிடச் சிறிய முகவரிகளில் மிகப் பெரியது” என்று தேடும் வாசிப்பானுக்கு எல்லையே தெரியாது. ராம் நினைவகத்தின் முகவரி 20000000இல் தொடங்குகிறது, ஃபிளாஷைவிடப் பெரியது, ஆகவே கடைசி ஃபங்ஷனில் போய் விழும். எக்செப்ஷன் நேரத்தில், அதாவது பிழையோ குறுக்கீடோ வந்த நேரத்தில், திரும்பும் முகவரியை வைக்கும் எல்ஆர் ரெஜிஸ்டரில் இருக்கும் 4294967289 போன்ற மதிப்பும் அப்படியே. அது முகவரியே இல்லை, எந்த முறைக்குத் திரும்ப வேண்டும் என்ற குறியீடு. எங்கள் கடைசி ஃபங்ஷன் திரையை அணைப்பது. சில மாதம் எல்லாக் குற்றமும் அதன் தலையில் விழுந்துகொண்டிருந்தது.

ஹெடரில் 48ஆம் இடத்தில் நிரலின் நீளம் வந்தது இதற்காகத்தான். அடிப்படை முகவரிக்கும் அதோடு நீளத்தைக் கூட்டிய இடத்துக்கும் வெளியே உள்ள எதற்கும் பெயர் கிடையாது. அட்டவணையில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் அதன் அளவையும் எழுதுங்கள், நடுவில் உள்ள வெற்றிடங்களும் அப்போது பிடிபடும்.

அறிகுறி: பெயர் பாதியில் அறுகிறது, அல்லது அடுத்த பெயரோடு ஒட்டிக்கொள்கிறது

நீளத்தை எழுத்தில் எண்ணினீர்களா, பைட்டில் எண்ணினீர்களா? என் மூலக் கோப்புகள் ‘கொழுந்து’ என்ற ஃபோல்டரில் இருந்தன. கண்ணுக்கு நான்கு எழுத்து. பைதனிடம் நீளம் கேட்டால் 8 என்று சொல்லும், ஒற்றெழுத்தின் புள்ளியையும் உயிர்க்குறிகளையும் தனித்தனியாக எண்ணி. யுடிஎஃப்-8இல் கோப்புக்குள் போகும்போது ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 24. நான் 8 என்று எழுதி 24 பைட்டை வைத்திருந்தேன். அதற்குப் பின்னால் வந்த அத்தனை பெயர்களின் இடமும் 16 பைட் பிசகியது. ஆங்கிலப் பெயர் மட்டும் வைத்திருந்தவர்களுக்கு இந்தப் பிழை ஒருநாளும் தெரிந்திருக்காது. தமிழில் ஃபோல்டர் வைத்ததற்காக நான் வருந்தவில்லை, நீளத்தைப் பைட்டில் எண்ணாததற்காகத்தான் வருந்துகிறேன்.

இன்னொன்று. ‘கொ’வின் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். பழைய மேக் கோப்பு முறைமை இரண்டாகப் பிரித்து வைக்கும், அப்போது அதே சொல் 27 பைட். ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

அறிகுறி: நிரல் வளர்ந்தபின் புதிய ஃபங்ஷன்களுக்குப் பழைய பெயர்கள்

பெயர் அட்டவணையின் இடத்தை 2 பைட்டில் வைத்திருக்கிறீர்கள். 65535க்கு மேல் போனதும் சுற்றி வந்துவிடும், 65540 என்பது 4 என்று பதியும். 4 பைட் கொடுங்கள். டுவார்ஃப் 4 பைட் நீளத்தையே வைத்துக்கொண்டு, நான்கும் 255 என்றால் பின்னால் 8 பைட் நீளம் வருகிறது என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. தராசுக்கு அது வேண்டியதில்லை. ஆனால் எழுதும் கருவி, எண் கொள்ளாவிட்டால் நின்றுவிட வேண்டும், வெட்டிப்போட்டுவிட்டுத் தொடரக் கூடாது.

அறிகுறி: புதிய கோப்பைப் பழைய வாசிப்பான் தவறாக வாசிக்கிறது

சிறிய பதிப்பு எண் கூடினால் பழைய வாசிப்பான் வாசிக்கலாம், பெரிய எண் கூடினால் மறுக்க வேண்டும். இந்த விதியை வாய்ச்சொல்லாக விடாமல் முதல் வாசிப்பானிலேயே எழுதிவிட வேண்டும், பிறகு சேர்த்தால் தோட்டங்களில் இருக்கும் பழைய போன்களுக்கு அது போய்ச் சேராது. ஹெடரின் நீளம் 12ஆம் இடத்தில் இருப்பதும் இதற்கே: நாளை 72 பைட் ஆனால், பழையவன் தனக்குத் தெரிந்த 64ஐ வாசித்துவிட்டு மிச்சத்தைத் தாண்டிப் போவான். எல்ஃப் ஹெடரில் தன் நீளமும், செக்‌ஷன் அட்டவணையின் ஒரு வரிசைக்கு எத்தனை பைட் என்பதும் எழுதப்பட்டிருக்கின்றன. அதைப் பார்த்து நானும் அட்டவணையின் தலையில் எண்ணிக்கையோடு வரிசையின் அளவையும் வைத்தேன்.

அறிகுறி: சிஆர்சி எப்போதும் பொருந்தவில்லை

எப்போதாவது என்றால் கோப்பு கெட்டிருக்கிறது. எப்போதும் என்றால் இரண்டு பக்கமும் வேறு வேறு சிஆர்சி. ‘சிஆர்சி-32’ என்ற ஒரே பெயரில் பல உண்டு. 1 முதல் 9 வரையான இலக்கங்களை ஒன்பது எழுத்தாகக் கொடுங்கள். சிப், பிஎன்ஜி பயன்படுத்துவது 3421780262 தரும். அதே பல்லுறுப்புக் கோவையை, பிட்டுகளைத் திருப்பாமலும் கடைசியில் புரட்டாமலும் கணக்கிட்டால் 58124007 வரும். சில எஸ்டிஎம்32 சில்லுகளின் உள்ளே இருக்கும் சிஆர்சி பகுதி இந்த இரண்டாம் வகை, அதிலும் நான்கு நான்கு பைட்டாகத்தான் விழுங்கும். எதை எடுத்தாலும் சரி, சோதனை எண்ணை ஹெடரின் விவரணையிலேயே எழுதிவையுங்கள்.

அறிகுறி: நீளம் சரி, உள்ளே பூச்சியங்கள்

தென்மேல் பருவமழைக் காலத்தில் எங்களுக்கு இது வழக்கம். கோப்பு எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகும். வட்டில் கோப்பின் நீளம் பதிந்திருக்கும், உள்ளடக்கம் போய்ச் சேர்ந்திருக்காது. ஹெடரை முதலில் எழுதியிருந்தால், நல்ல தலையும் வெறும் உடம்புமாக ஒரு கோப்பு உங்களுக்காகக் காத்திருக்கும்.

இப்போது நாங்கள் செய்வது: வேறு பெயரில் ஒரு தற்காலிகக் கோப்பு. முதல் 64 பைட்டைப் பூச்சியமாக விட்டு உடம்பை எழுதுகிறோம், ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் அதன் சிஆர்சியோடு. வட்டுக்குப் போய்ச் சேரச்சொல்லிக் காத்திருக்கிறோம். அதற்குப் பிறகே ஹெடர், மறுபடி காத்திருப்பு, கடைசியில் பெயர் மாற்றம். ஹெடருக்கு முன் எங்கே நின்றாலும் முதல் பைட் 137 ஆக இருக்காது.

தோட்டங்களில் இன்னும் பழைய ஃபேர்ம்வேரோடு (உள்ளே பதித்த நிரலோடு) ஓடும் தராசுகள் இருக்கின்றன, அவற்றின் குறிப்பில் பில்ட் ஐடி கிடையாது. அவை விழுந்தால் ஃபிளாஷை அப்படியே வாசித்தெடுத்து, நாங்கள் வெளியிட்ட ஒவ்வொரு பைனரியோடும் பைட்டுக்குப் பைட் ஒப்பிடுகிறேன். ஒரு தராசுக்கு அரை நாள் பிடிக்கிறது. முழுதும் ஒத்துப்போகும் ஒன்று கிடைத்த பிறகுதான் அதன் சிம்பல் கோப்பைத் திறக்கிறேன். மஸ்கெலியா மடுவத்துத் தராசைத்தான் முதலில் இப்படிப் பார்த்தேன். சராசரி ஃபங்ஷனின் பெயர் வந்தது, சாக்கைக் கொக்கியில் மாட்டி அசையும்போதே நிறுவைப் பொத்தானை அழுத்தினால் ஓர் எடையும் எடுக்காமல் பூச்சியத்தால் வகுக்கும் வரி அதில் இருந்தது.